கிணறு பெற்றோல் மணந்தால்: நிலக்கீழ்த் தாங்கிக் கசிவைத் தேடும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருகோணமலையில் எண்ணெய்த் தாங்கி என்றால் எல்லோருக்கும் சீனக்குடாதான் நினைவுக்கு வரும். பிரித்தானியர் காலத்தில் கட்டிய அந்தப் பெரிய இரும்புத் தாங்கிகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். அவை காட்டுக்குள் நிலத்துக்கு மேலே நிற்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது அல்ல. நாம் மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய் அடிக்கும் பெற்றோல் செட்டின் கொங்கிறீற்றுக்குக் கீழே புதைந்து கிடக்கும் சிறிய தாங்கிகளைப் பற்றியது. அவற்றில் ஒன்றோ அதன் குழாயோ துளைபட்டால், அதை முதலில் அறிவது பெரும்பாலும் பக்கத்து வளவில் தண்ணீர் அள்ளும் ஒரு அம்மாதான்.

பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ புதிதாகச் சேர்ந்தவர்கள், பல்கலைக்கழகம் முடித்து வந்த பிள்ளைகள், ஊர்ச் சங்கங்களில் வேலை செய்பவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் நடக்கிறது என்று அளந்து பார்க்கும்வரை எந்தச் செட்டையும் குற்றம் சொல்லாதீர்கள், எந்த வீட்டுக்கும் "பயமில்லை, குடியுங்கள்" என்றும் சொல்லாதீர்கள்.

நிலத்துக்குக் கீழே என்ன நடக்கிறது

பெற்றோல் தண்ணீரை விட இலேசானது. ஒரு லீற்றர் ஏறத்தாழ 740 கிராம்தான் இருக்கும். டீசல் கொஞ்சம் கனம், ஆனாலும் தண்ணீரில் மிதக்கும். தாங்கியிலிருந்து கசிந்த எண்ணெய் மணலுக்குள்ளால் இறங்கும்போது ஒரு பங்கு மணல் மணிகளுக்கிடையில் ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கும். மிச்சம் நிலத்தடி நீர்மட்டத்துக்கு வந்து அதன்மேல் படலமாகப் படுக்கும். அந்தப் படலத்திலிருந்து சில பொருட்கள் தண்ணீரில் கரைந்து அதோடு சேர்ந்து நகரும். இன்னொரு பங்கு ஆவியாகி மண்ணின் துவாரங்கள் வழியே மேலே வரும், சில நேரம் வீட்டுக் குளியலறைக் குழிக்குள்ளும் வரும். ஒட்டியது, மிதப்பது, கரைந்தது, ஆவியானது என்ற இந்த நான்கையும் தனித்தனியாகத் தேட வேண்டும். ஒன்று கிடைக்கவில்லை என்பதற்காக மற்ற மூன்றும் இல்லை என்று ஆகாது.

கரைவதில் முக்கியமானவை நான்கு: பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன். ஆய்வுகூடங்களில் இவற்றைச் சேர்த்து பீடெக்ஸ் என்பார்கள். நாம் அதிகம் பயப்பட வேண்டியது பென்சீனுக்கு. அது இரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது நிறுவப்பட்ட உண்மை. குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இந்த எண் எவ்வளவு சிறியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெற்றோலில் பென்சீன் 1 வீதம் என்று வைத்தால் ஒரு லீற்றரில் 7.4 கிராம் இருக்கும். அது முழுவதும் கரைந்தால் 7 இலட்சத்து 40 ஆயிரம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோக அதுவே போதும். ஒன்றரை மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் தண்ணீரும் உள்ள ஒரு வீட்டுக் கிணற்றில் இருப்பது வெறும் 3,500 லீற்றர்தான். அதாவது ஒரு லீற்றர் பெற்றோலுக்கு இருநூறு கிணறு.

முறைப்பாடு வந்த நாள்

"தம்பி, தண்ணி மணக்குது. தேத்தண்ணி போட்டாலும் மணக்குது. ஒருக்கா வந்து பாருங்கோ." பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அன்றைக்கே போங்கள். கருவி எதுவும் இல்லாவிட்டாலும் போங்கள், கொப்பியும் பேனையும் போதும்.

முதல் வேலை குடும்பத்தின் தண்ணீர். மணம் இருந்தால் குடிப்பதையும் சமைப்பதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். "கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். கூடாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் பென்சீன் ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலக்கும், அதைச் சுவாசிப்பது சமைக்கிறவர்தான். குளிப்பதும் திறந்த வெளியில் நடக்கட்டும், மூடிய குளியலறையில் வேண்டாம். மாற்றுத் தண்ணீருக்குப் பிரதேச சபை பௌசரையோ பக்கத்துக் குழாய்நீர் இணைப்பையோ ஒழுங்குபண்ணிவிட்டு மற்றதைப் பாருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும்.

இரண்டாவது, உயிர்ப் பாதுகாப்பு. யாரையும் கிணற்றுக்குள் இறங்க விடாதீர்கள், நீங்களும் இறங்காதீர்கள். பெற்றோல் ஆவி காற்றை விடக் கனமானது, கிணற்றின் அடியில் தேங்கி நிற்கும். காற்றில் 1.4 வீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் பற்றும். நம் ஊரில் கிணறு மணந்தால் உடனே "இறைச்சுப் போட்டு உள்ளுக்கு இறங்கிக் கழுவுவம்" என்றுதான் யோசிப்பார்கள். இந்த ஒரு விடயத்தில் நீங்கள் பிடிவாதமாக இருக்க வேண்டும். பீடி, சிகரெட், சாமி விளக்கு, கிணற்றடியில் மோட்டர் சுவிட்ச் எதுவும் வேண்டாம்.

பிறகு கேள்விகள். எப்போதிருந்து மணக்கிறது? மணம் காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? மழைக்குப் பிறகு மாறியதா? பக்கத்து வீட்டுக் கிணறு எப்படி? யாருக்காவது தலையிடி, வயிற்றுப் பிரட்டல்? பதிலை அவர்களின் சொல்லிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்தி எழுத வேண்டாம். "மண்ணெண்ணெய் மணம்" என்றாரா "தின்னர் மணம்" என்றாரா என்பது பின்னால் உதவும்.

செட்டைப் பார்க்க முன் வீட்டைப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போன பிழையை நானும் செய்திருக்கிறேன். நிலாவெளிப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டக் கிணற்றுக்கு வந்த முறைப்பாடு அது. கொஞ்சத் தூரத்தில் செட் இருந்தது, எல்லோரும் அதையே காட்டினார்கள், நானும் அப்படியே எழுதிக்கொண்டேன். இரண்டாவது தடவை போனபோதுதான் மண்ணெண்ணெயில் ஓடும் தண்ணீர் மோட்டரைக் கிணற்றுக்கட்டோடு ஒட்டி வைத்திருந்ததைக் கவனித்தேன். எண்ணெய் ஊற்றும்போது சிந்தியது பல வருடங்களாக அந்த மணலில் ஊறியிருந்தது. குற்றம் சுமத்தப்பட்டவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஊருக்குள் பரவிய பேச்சு இலேசில் அடங்கவில்லை.

ஆகவே மோட்டர் எங்கே நிற்கிறது, எண்ணெய்க் கான் எங்கே வைக்கிறார்கள், கரையோரமென்றால் படகு எஞ்சின் எங்கே கழுவுகிறார்கள், பக்கத்தில் கராஜ் இருக்கிறதா, பழைய ஒயில் எங்கே ஊற்றுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பாருங்கள். 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் பல வீடுகளில் கான்களிலும் பரல்களிலும் எண்ணெய் சேர்த்து வைத்தார்கள். அது எந்த மூலையில் இருந்தது என்று பதமாகக் கேளுங்கள். பயப்படுத்தினால் சொல்லமாட்டார்கள்.

தண்ணீரின் மேலே வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் உடனே எண்ணெய் என்று முடிவு கட்ட வேண்டாம். இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வாழும் பக்டீரியாவும் அதே மாதிரிப் படலம் விடும். ஒரு குச்சியால் தட்டிப் பாருங்கள். பக்டீரியாப் படலம் கண்ணாடித் துண்டு போல உடைந்து தனித்தனியாக நிற்கும். எண்ணெய்ப் படலம் சுழன்று திரும்பவும் ஒட்டிக்கொள்ளும்.

செட்டில் என்ன பார்ப்பது

தனியாகப் போய்க் கேள்வி கேட்காதீர்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபை உத்தியோகத்தரோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரோ உடன் இருக்க வேண்டும். முதலாளியைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்க்கவும் வேண்டாம், கசிவு அவருக்கும் நட்டம்தான். எத்தனை தாங்கி, எதில் என்ன எண்ணெய், எந்த வருடம் புதைத்தது, இரும்பா பைபர் கிளாஸா, ஒற்றைச் சுவரா இரட்டைச் சுவரா, குழாய்கள் எந்த வழியாகப் பம்பிக்குப் போகின்றன என்பவற்றை எழுதி ஒரு படம் கீறுங்கள். புதியவர்கள் தாங்கியையே முறைத்துப் பார்ப்பார்கள். ஆனால் குழாய் மூட்டுகளிலும், பௌசரிலிருந்து எண்ணெய் இறக்கும் வாயிலும்தான் பல கசிவுகள் நடக்கின்றன. இறக்கும் வாயைச் சுற்றியுள்ள மண்ணின் நிறத்தைப் பாருங்கள்.

அப்புறம் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு நாளும் கோல் விட்டுத் தாங்கியின் அளவைப் பார்த்து எழுதியிருப்பார்கள். நேற்றைய இருப்போடு இறக்கியதைக் கூட்டி, விற்றதைக் கழித்தால் இன்றைய இருப்பு வர வேண்டும். ஒரு நாள் வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெற்றோல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். வெயிலில் வந்த பௌசர் 10,000 லீற்றர் இறக்கி, அது நிலத்துக்குக் கீழே 5 பாகை குளிர்ந்தால் கசிவே இல்லாமல் 50 லீற்றர் குறையும். ஆகவே மாதக் கணக்காகப் பாருங்கள். அமெரிக்க விதியில் மாத வித்தியாசம் விற்பனையின் 1 வீதத்தோடு 130 கலன், அதாவது சுமார் 490 லீற்றர், சேர்ந்த அளவைத் தாண்டினால் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். இது நமக்கும் ஒரு நல்ல அளவுகோல். ஆனால் அந்த எல்லைக்குள் இருக்கும் சிறு கசிவு இந்தக் கணக்கில் அகப்படாது என்பதையும் மறக்காதீர்கள்.

கோலின் நுனியில் தண்ணீர் கண்டால் நிறம் மாறும் ஒரு பசை பூசிப் பார்ப்பார்கள். நம் கரையோர மணலில் இது மிகவும் பெறுமதியான குறிப்பு. மாரியில் நீர்மட்டம் ஏறித் தாங்கியை மூடி நிற்கும்போது அடியில் ஒரு துளை இருந்தால் வெளித் தண்ணீர் உள்ளே வரக்கூடும். கோடையில் நீர்மட்டம் இறங்கியதும் அதே துளை வழியே எண்ணெய் வெளியே போகும். மார்கழியில் தாங்கியில் தண்ணீர் கூடியது என்று புத்தகத்தில் கண்டால், ஆடி ஆவணிக் கணக்கை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். இன்னொன்று, 10,000 லீற்றர் தாங்கி காலியாகக் கிடக்கும்போது நீர்மட்டம் அதை மூடினால் தண்ணீர் அதைக் கிட்டத்தட்ட 10 தொன் விசையோடு மேலே தள்ளும். கட்டிப் பூட்டாத தாங்கி கொஞ்சம் அசைந்தாலே குழாய் மூட்டு விட்டுவிடும். உப்புக் காற்றும் உப்பு மண்ணும் இரும்பைத் தின்னும் வேகத்தைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது இருக்கிற செட்டோடு நிற்காதீர்கள். முன்பு செட் இருந்து மூடிப்போன இடங்கள் உண்டு. யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஊர் ஆளில்லாமல் கிடந்த காலத்தில் விடப்பட்ட தாங்கிகள் இன்னும் மண்ணுக்குள் இருக்கக்கூடும். அதை வயதானவர்களிடம்தான் கேட்க வேண்டும். "ஐயா, இந்தச் சந்தியில முந்தி எண்ணெய் அடிக்கிற இடம் ஏதும் இருந்ததா?" என்ற ஒரு கேள்வி ஒரு மாத வேலையை மிச்சப்படுத்தலாம்.

நம் நிலம் இரண்டு வகை

வரைபடம் கீற முன் எந்த நிலத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரை கரையோரம் மணல். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புத் தண்ணீரின்மேல் நன்னீராக மிதக்கிறது. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் உள்ள இடங்களில் நிலத்தடி நீர் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் ஓடும். தெருவுக்குக் கிழக்கே உள்ள வீட்டுக்கும் மேற்கே உள்ள வீட்டுக்கும் நீரின் திசை எதிரெதிராக இருக்கலாம். "கடல் அந்தப் பக்கம், ஆகவே தண்ணீரும் அந்தப் பக்கம்தான்" என்று ஊகிப்பவர் இங்கே பிழைவிடுவார்.

உள்ளே கன்னியா, கந்தளாய்ப் பக்கம் போனால் உக்கிய பாறையும் அதன் கீழே வெடிப்புள்ள கடும் பாறையும். அங்கே தண்ணீர் வெடிப்பு வழியே போகும், வெடிப்போ நமக்குத் தெரியாது. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளும் சில அடி தூரத்துக்குள் இருந்தும் சூட்டில் வித்தியாசப்படுவதைக் கையை விட்டே அறிந்திருப்பீர்கள். பாறைக்குள் தண்ணீர் வரும் வழி பக்கத்துப் பக்கத்திலேயே மாறும் என்பதற்கு அதை விட நல்ல பாடம் நம் மாவட்டத்தில் இல்லை. இனிச் சொல்லும் திசைக் கணக்கு மணலுக்கு நன்றாகப் பொருந்தும். பாறை நிலத்தில் நீர்வளச் சபையின் நிலநீரியலாளர் ஒருவர் இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள்.

தண்ணீர் எந்தப் பக்கம் நடக்கிறது

முழு வேலைக்கும் முதுகெலும்பு இதுதான், செலவும் மிகக் குறைவு. தேவையானது ஒரு அளவு நாடா, ஒரு சிறு பாரம், மேசன்மார் மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிப் பிடிக்கும் நீளமான தெளிவான ரியூப், இரண்டு பேர். முதலில் செட்டைச் சுற்றி 200 மீற்றருக்குள் உள்ள எல்லாக் கிணறுகளையும் குழாய்க்கிணறுகளையும் படத்தில் குறியுங்கள். பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல் கிணறுகளை விட்டுவிடாதீர்கள், அங்கேதான் அதிகம் பேர் குடிப்பார்கள். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளாவது வேண்டும். ஒரே காலையில், மோட்டர் போட முன், எல்லாவற்றையும் அளவுங்கள்.

ஒவ்வொரு கிணற்றுக்கட்டிலும் பெயின்றால் ஒரு புள்ளி வைத்து, அந்தப் புள்ளியிலிருந்து நீர்மட்டம் வரை உள்ள ஆழத்தை எடுங்கள். இதோடு நிறுத்தினால் பிழையான பதில்தான் வரும். ஏனென்றால் கட்டுகள் ஒரே உயரத்தில் இல்லை. ரியூபைப் பிடித்து ஒரு கட்டுக்கும் மற்றதற்கும் உள்ள உயர வித்தியாசத்தைச் சென்றிமீற்றர் கணக்கில் எடுங்கள்.

ஒரு உதாரணம். முதற் கிணற்றுக்கட்டை 10.00 மீற்றர் என்று நாமே வைத்துக்கொள்வோம். இரண்டாவது அதை விட 35 சென்றிமீற்றர் உயரம், ஆகவே 10.35. மூன்றாவது முதலாவதை விட 20 சென்றிமீற்றர் தாழ்வு, ஆகவே 9.80. நீர்மட்ட ஆழங்கள் முறையே 2.10, 2.30, 2.05 மீற்றர். ஆழத்தை மட்டும் பார்த்தால் இரண்டாவது கிணறுதான் ஆழம், தண்ணீர் அங்கேதான் போகிறது என்று தோன்றும். கழித்துப் பாருங்கள். முதலாவது 7.90, இரண்டாவது 8.05, மூன்றாவது 7.75. இரண்டாவதில்தான் தண்ணீர் மிக உயரத்தில் நிற்கிறது! அது அங்கிருந்து மூன்றாவதை நோக்கி இறங்குகிறது. ரியூப் பிடிக்கச் சோம்பல்பட்டிருந்தால் திசையையே தலைகீழாக எழுதியிருப்போம்.

சரியான திசையை இப்படி எடுங்கள். மிக உயர்ந்த கிணற்றையும் மிகத் தாழ்ந்ததையும் படத்தில் கோட்டால் இணையுங்கள். அந்தக் கோட்டில் நடுத்தரக் கிணற்றின் மட்டம், அதாவது 7.90, எங்கே வரும் என்று குறியுங்கள். நம் உதாரணத்தில் சரி நடுவில் வரும். அந்தப் புள்ளியையும் நடுத்தரக் கிணற்றையும் இணைக்கும் கோடு சம மட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி அம்புக்குறி போடுங்கள். தண்ணீர் நடப்பது அந்தப் பக்கம். செட்டிலிருந்து அதே திசையில் ஒரு கோடு இழுத்தால், முறைப்பாட்டுக் கிணறு அதன் வழியில் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். வழியில் உள்ள, இன்னும் முறைப்பாடு செய்யாத வீடுகளும் தெரியும். என்னைப் பொறுத்தவரை இந்த இரண்டாவதுதான் முக்கியம்.

வேகத்துக்கும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. நம் உதாரணத்தில் அம்புக்குறித் திசையில் 60 மீற்றருக்கு 30 சென்றிமீற்றர் இறக்கம் என்றால் சரிவு 0.005. நடுத்தர மணலின் நீர்க்கடத்து திறன், அதாவது தண்ணீரைத் தன்னூடாகப் போகவிடும் திறன், நாளுக்கு 10 மீற்றர், மணலில் தண்ணீர் போகக்கூடிய துளைகளின் பங்கு 0.25 என்று எடுத்தால், 10ஐ 0.005ஆல் பெருக்கி 0.25ஆல் வகுக்க நாளுக்கு 20 சென்றிமீற்றர், வருடத்துக்கு 73 மீற்றர். பென்சீன் இதை விட மெதுவாகத்தான் போகும். மண்ணில் கொஞ்சம் ஒட்டும், நுண்ணுயிர்கள் கொஞ்சத்தைத் தின்னும். அதனால் பல இடங்களில் பென்சீன் தடம் ஒரு எல்லைக்கு மேல் நீளாமல் நின்றுவிடும். சில நாட்டுப் பெற்றோலில் சேர்க்கும் எம்.டி.பி.ஈ என்ற பொருள் அப்படி நிற்காமல் தண்ணீரோடு சேர்ந்தே ஓடும்.

இந்த அளவீட்டை ஒரு தடவை செய்தால் போதாது. ஐப்பசி முதல் தை வரை மழை, பிறகு கச்சான் காற்றடிக்கும் நீண்ட கோடை. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது அதன்மேல் மிதக்கும் எண்ணெயும் ஏறி இறங்கி மண்ணில் மேலும் கீழுமாகப் பூசப்படும். மாரியில் அது தண்ணீருக்கடியில் அகப்பட்டுக் கிணற்றில் தெரியாமல் போகலாம், கோடையில் திரும்ப வரலாம். "மழையோடு மணம் போய்விட்டது, எல்லாம் சரி" என்று கோப்பை மூடினால் ஆடியில் அதே அம்மா திரும்பவும் வருவார்.

மாதிரி எடுப்பது

குடித்து முடித்த சோடாப் போத்தலில் மாதிரி எடுத்து அனுப்புவது நம்மிடையே பெரிய வழக்கம். பீடெக்சுக்கு அது உதவாது. பிளாஸ்டிக் இந்தப் பொருட்களை உறிஞ்சும், பாதி நிரம்பிய போத்தலில் மேலே உள்ள காற்றுக்குள் அவை ஓடிவிடும். ஆய்வுகூடத்திடம் முன்கூட்டியே 40 மில்லிலீற்றர் கண்ணாடிக் குப்பிகளைக் கேட்டு வாங்குங்கள். மூடியின் உட்புறம் டெப்லோன் இருக்கும். உள்ளே சில துளி ஐதரோகுளோரிக் அமிலம் விட்டிருப்பார்கள், கழுவி ஊற்றிவிடாதீர்கள். அது நுண்ணுயிர்கள் பென்சீனைத் தின்னாமல் தடுக்கிறது. குப்பியின் விளிம்பில் தண்ணீர் குமிழாக எழும்வரை மெதுவாக நிரப்பி மூடித் தலைகீழாகப் பிடியுங்கள். ஒரு காற்றுக் குமிழ் ஓடினாலும் அந்தக் குப்பி வேண்டாம், புதியதை எடுங்கள்.

மாதிரி எடுக்கும் நாளில் வழியில் எண்ணெய் அடிக்காதீர்கள், முதல் நாளே அடித்து வையுங்கள். கையில் பட்ட ஒரு துளி பெற்றோல் உங்கள் முழு வேலையையும் பொய்யாக்கும். வாகனத்தைக் காற்றின் கீழ்ப்பக்கம் தூரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் புதுக் கையுறை. சுத்தமானது என்று நினைக்கும் கிணற்றில் தொடங்கி மணக்கும் கிணற்றில் முடியுங்கள். ஆய்வுகூடத்தில் சுத்த நீர் நிரப்பிய ஒரு குப்பியைத் திறக்காமலே உங்களோடு கொண்டுதிரிந்து திருப்பிக் கொடுங்கள். அதில் பென்சீன் வந்தால் பிழை கிணற்றில் இல்லை, பயணத்தில் இருக்கிறது. ஒரு கிணற்றில் இரட்டை மாதிரி எடுத்து வேறு பெயரிட்டு அனுப்புங்கள்.

நிலத்தடி நீரைச் சோதிக்கவென்றே தோண்டிய ஒடுங்கிய கண்காணிப்புக் கிணறு என்றால், உள்ளே தேங்கியதை மெதுவாக இறைத்து, வெப்பநிலை, பீ.எச், மின்கடத்துதிறன் மூன்றும் மாறாமல் நின்ற பிறகே மாதிரி எடுக்க வேண்டும். வீட்டுத் திறந்த கிணற்றில் அது சரிவராது. 3,500 லீற்றரை அப்படி இறைத்துத் தீர்ப்பது எப்படி? அன்றாடம் அள்ளும் கிணறென்றால் காலையில் வழமை போல அள்ளிய பிறகு எடுங்கள். வாளியை மேலிருந்து போட்டுக் கலக்காமல், பாரம் கட்டிய மாதிரிக் குழாயை மெல்ல இறக்குங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: திறந்த கிணற்றின் அகன்ற முகத்திலிருந்து பென்சீன் காற்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே குறைந்த எண் வந்தால் கிணற்றைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரிலும் குறைவு என்று அர்த்தமில்லை. மூலத்துக்கும் வீடுகளுக்கும் இடையில் ஒடுங்கிய கண்காணிப்புக் கிணறுகள் தோண்ட வேண்டி வருவது இதனால்தான். அவற்றின் வடிகுழாய்ப் பகுதி, அதாவது தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட பகுதி, நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வரவே வராது. எண்ணெய்ப் படலம் வந்தால் தெளிவான குழாயில் அள்ளி அதன் தடிப்பை அளவுங்கள். கிணற்றுக்குள் தெரியும் தடிப்பு மண்ணுக்குள் இருப்பதை விடக் கூடுதலாகத்தான் காட்டும்.

குப்பிகளை ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் இட்டு 4 பாகையில் வைத்து அனுப்புங்கள். அமிலம் விட்டது 14 நாள் தாங்கும், விடாதது 7 நாள். ஐஸ் கரைந்து ஊறினாலும் அழியாத பேனையால் கிணற்றின் இலக்கம், திகதி, நேரம் எழுதுங்கள். யார் யாரிடம் எப்போது கைமாற்றினார்கள் என்ற தாளில் ஒவ்வொருவரும் கையொப்பமிட வேண்டும். நாளைக்கு நீதிமன்றத்தில் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

எதைச் சோதிக்கச் சொல்வது

"எண்ணெயும் கிறீசும்" என்ற சோதனையை மட்டும் கேட்டு அனுப்பாதீர்கள். அதில் கரைப்பானை ஆவியாக்கி மிச்சத்தை நிறுப்பார்கள். பழைய ஒயிலுக்கு அது சரி. பெற்றோலோ அந்தச் சூட்டிலேயே ஆவியாகிப் போகும், "இல்லை" என்று பதில் வரும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய் தண்ணீர்க் கிணறுகளில் கலந்தது என்ற பிரச்சினையில் ஒரு அறிக்கை சொன்னதை இன்னொன்று மறுத்து, மக்கள் யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றதை மறக்க முடியாது. 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொல்லும்வரை அது இழுபட்டது. அங்கே சுண்ணாம்புப் பாறை, மூலமும் வேறு. ஆனால் எந்தச் சோதனை, எந்த முறை என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும் என்பது நமக்கும் பொருந்தும்.

பெற்றோல் சந்தேகம் என்றால், பொருட்களை ஆவியாக்கித் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்பு முறையில் பீடெக்சும் எம்.டி.பி.ஈயும். டீசல், மண்ணெண்ணெய் என்றால் மொத்தப் பெற்றோலிய ஐதரோகாபன்களும் நப்தலீனும். கூடவே கரைந்த ஒட்சிசன், நைத்திரேற்று, இரும்பு, சல்பேற்று. இவை விலை குறைந்தவை, பலர் விட்டுவிடுவார்கள். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் முதலில் ஒட்சிசனையும் பிறகு நைத்திரேற்றையும் முடித்துவிட்டு இரும்பையும் சல்பேற்றையும் பிடிக்கும். சுற்றியுள்ள கிணறுகளில் இல்லாத துரு நிறமும் அழுகிய முட்டை மணமும் ஒரு கிணற்றில் மட்டும் வந்தால், அது எண்ணெய்த் தடத்துக்குள் இருக்கலாம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஈயப் பெற்றோலோடு சேர்க்கப்பட்ட எதிலீன் டைபுரோமைட்டு மாதிரியில் வந்தால் பழைய கசிவு ஒன்று இருக்கிறது என்று பொருள், இன்றைய முதலாளி அதற்குப் பொறுப்பில்லாமலும் இருக்கலாம்.

முடிவைப் படிக்கும்போது

பென்சீன் 0.01, தொலுயீன் 0.7, எதைல்பென்சீன் 0.3, சைலீன் 0.5 மில்லிகிராம் என்பவை லீற்றருக்கான உலக சுகாதார நிறுவன அளவுகள். மணம் போனதும் கோப்பை மூடாதீர்கள் என்று முன்பு சொன்னதற்கு இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது. தண்ணீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவில்தான் மூக்குக்குத் தெரியும். அது எல்லையைப் போல் ஆயிரம் மடங்கு. மற்ற மூன்றும் மிகக் குறைந்த அளவிலேயே மணக்கும், அவைதான் நமக்கு எச்சரிக்கை தருகின்றன. அவை குறைந்து மணம் போன பிறகும் பென்சீன் எல்லைக்கு மேல் இருக்க முடியும்.

"கண்டுபிடிக்கப்படவில்லை" என்று வந்தால் எந்த அளவு வரை கண்டுபிடிக்க முடிந்தது என்று கேளுங்கள். அந்த ஆய்வுகூடம் கண்டுபிடிக்கக்கூடிய மிகக் குறைந்த பென்சீன் அளவு 0.05 மில்லிகிராம் என்றால், 0.01 எல்லையைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லவில்லை.

குழாய்நீர் எடுக்கும் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். பீடெக்ஸ் பொலித்தீன் குழாயின் சுவரை ஊடுருவும். எண்ணெய் ஊறிய மண்ணுக்குள்ளால் இணைப்புக் குழாய் போகிறதென்றால் அந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரிலும் ஒரு மாதிரி, இரவு முழுவதும் நின்ற தண்ணீரில், விடியற்காலை முதல் திறப்பில் எடுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கும் அறிவியுங்கள்.

அறிக்கையை 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அனுப்புங்கள். பிரதி பிரதேச செயலாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும். மூலத்தை அடைப்பது, மிதக்கும் எண்ணெயை அள்ளுவது, மண்ணைத் தோண்டுவது எல்லாம் அனுபவமுள்ள நிறுவனத்தின் வேலை. அதில் நீங்கள் கை வைக்க வேண்டாம்.

முடிவுத் தாள் கையில் வந்த அன்றே முறைப்பாடு செய்த வீட்டுக்குப் போங்கள். படத்தை விரித்து, அவர்களின் கிணறு எங்கே, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். எண்களைத் தமிழில் எழுதி, திகதி போட்டு, கையொப்பமிட்ட ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். அதன் கீழே அடுத்த மாதிரி எடுக்கும் இரண்டு திகதிகளையும் எழுதுங்கள்: ஒன்று மாரி முடியும் மாசியில், மற்றது நீர்மட்டம் அடியில் கிடக்கும் ஆவணியில்.